தாய் எண் பதினேழு

மாசி 4

இன்று முதல் வகுப்பு. ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது. அறை சூடேறத் தாமதமானதால் ஆறே காலுக்குத்தான் தொடங்கியது. ஒன்பது பேர் வந்திருந்தோம். பாடத்தின் பெயர் குடும்ப வரலாறு. ஐந்து வாரத்தில் ஆளுக்கொரு முன்னோரைப் பற்றி, ஆவணங்களைப் பார்த்து, நாட்குறிப்பாக எழுதிக் கொடுக்க வேண்டும். முடித்தவர்கள் ஆவணக் காப்பகத்தில் எழுத்தர் வேலைக்கு மனுப் போடலாம். நான் அதற்காகத்தான் சேர்ந்தேன். உருளைக்கிழங்குக் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை எனக்குப் பிடிக்கும், ஆனால் விரல்கள் விறைத்துப் போகின்றன.

நடத்துபவர் சகாயமேரி டீச்சர். பகலில் அதே காப்பகத்தில் எழுத்தர். "கதை எழுதாதீங்க," என்றார். "கண்டதைக் கண்டதுன்னு எழுதுங்க. கேட்டதைக் கேட்டதுன்னு எழுதுங்க. நெனச்சதை நெனச்சதுன்னு எழுதுங்க. மூணையும் கலக்குறவங்க சமையல் வகுப்புக்குப் போயிடுங்க."

பேக்கரியில் வேலை செய்யும் ஹாஜா, "நான் அங்கேருந்துதான் டீச்சர் வர்றேன்," என்றான்.

"தெரியும் தம்பி. உன் பன்னைத் தின்னு பார்த்தேன். நீ எதையும் கலக்குறதில்லை, சர்க்கரையைக்கூட."

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் எழுதச் சொன்னார். நூறு வருஷம் கழித்துப் படிப்பவருக்கும் புரிய வேண்டுமாம். எழுதுகிறேன்.

கடல் ஏறி எங்கள் ஊர்கள் போன பிறகு, எழுபத்தோரு ஆண்டுகளுக்கு முன், வடக்கே பனி இளகிய இந்த நிலத்துக்கு முதல் ரயிலில் நாற்பது பெண்கள் வந்தார்கள். துணைக்குக் கணவனையும் கூடப் பிறந்தவனையும் அழைத்து வரலாம். வந்து இறங்கிய இடத்துக்குப் புதுத் தகட்டூர் என்று பெயர் வைத்தார்கள். இந்த மண்ணுக்குள் பல்லாயிரம் ஆண்டு உறைந்து கிடந்த ஒரு கிருமி, ஒவ்வொரு சித்திரையிலும் பனி இளகும்போது எழும். மண்காய்ச்சல் என்போம். அதைத் தாங்க, புறப்படும் முன்பே அந்த நாற்பது பெண்களின் உடலிலும் ஒரு காப்பை வைத்து அனுப்பினார்கள். ஆண்களுக்கும் வைத்தார்கள், ஆனால் ஆண்களுடையது அவரவரோடு முடிந்துவிடும். பெண்களுடையது தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும். பிள்ளையின் உடலில் அது தூங்கிக் கிடக்கும். ஒரு வயதுக்குள் ஊசி போட்டு அதை எழுப்ப வேண்டும். நாற்பது பெண்கள், நாற்பது விதமான காப்பு, நாற்பது விதமான ஊசி. அதனால் இங்கே எல்லோருக்கும் தாய் எண் உண்டு. வசிக்கும் உரிமை, நிலம், ரேஷன் எல்லாம் அந்த எண்ணின் பேரில்தான்.

என் எண் பதினேழு. நான் எடுத்துக்கொண்ட முன்னோர் அந்த எண்ணின் முதல் பெண், வீ. தையல்நாயகி. என் அம்மாவின் அம்மாவுடைய அம்மா.

நிறைய எழுதிவிட்டேன் என்று தோன்றுகிறது. தேவையில்லாததை எழுதியிருக்கலாம்.

மாசி 6

வீட்டில் சொன்னேன். அக்கா பூங்கோதை மகிழைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மகிழுக்குப் பதினோரு மாதம். தண்ணீர் ஊற்றினால் சிரிக்கிற பிள்ளை.

"இருக்கிறவங்களைப் பத்தி எழுதவே உனக்கு வக்கில்லை, செத்தவங்களைப் பத்தி எழுதப் போறியா?" என்றாள் அக்கா. கேலிதான். மகிழைத் துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். "எழுத்தரம்மா, இதைப் பிடிங்க. ஈரம் பட்டா ஆவணம் கெட்டுடும்."

அம்மா சிரிக்கவில்லை. "வேற யாரையாவது பத்தி எழுதேன்," என்றாள். "உங்க அப்பா வழியில எவ்வளவோ பேரு இருக்காங்க."

"தாய் வழிதாம்மா எழுதச் சொன்னாங்க."

அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கண்டது: அடுப்புக்கு மேலே சுவரில் சுகாதார அலுவலகத்தின் அட்டை. மகிழ், தாய் எண் 17, ஊசி போடும் நாள் பங்குனி 12.

அக்காவின் முதல் பிள்ளை ஊசி போட்ட பத்தொன்பதாம் நாள் போய்விட்டான். நகமெல்லாம் வெளுத்து, அழுகை நின்று, பிறகு பால் குடிப்பதும் நின்றது. எனக்கு முன்னால் பிறந்த அண்ணனும் அப்படித்தான் போனானாம். இந்த வீட்டில் தங்கிய பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு சித்திரையிலும் ஒரு மாதம் இருமல். தெருவில் எங்கள் வீட்டுக்கு இருமல் வீடு என்றுதான் பெயர். ராசி அப்படி என்று பெரியம்மா சொல்வாள்.

மாசி 13

காப்பகத்தில் மூன்று மாலைகள் உட்கார்ந்தேன். முதல் ஆண்டுப் பதிவேடுகளைத் தொடக் கையுறை கொடுக்கிறார்கள்.

கண்டது, பிறப்புப் பதிவேடு: தை 20, பெண், பெயர் வடிவாம்பாள், தாய் எண் 17, வீ. தையல்நாயகி, தகப்பன் வரும் வழியில் ரயிலில் இறந்தார். வடிவாம்பாள் என்பது என் அம்மாச்சி.

கண்டது, மருந்தகக் குறிப்பேடு: தை 12, எண் 17, பால்கட்டு, காய்ச்சல், ஒத்தடமும் மாத்திரையும் கொடுக்கப்பட்டது.

இரண்டு தேதிகளையும் பலமுறை பார்த்தேன். பிள்ளை பிறந்தது இருபதாம் தேதி. பால்கட்டு பன்னிரண்டாம் தேதி. பிள்ளை பிறப்பதற்கு எட்டு நாள் முன்னால் பால் கட்டுமா? எனக்கு இதெல்லாம் தெரியாது. எழுதியவர் தவறாக எழுதியிருக்கலாம். நான் தவறாகப் படித்திருக்கலாம். 12 என்பது 22ஆக இருக்குமோ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 12தான். அதற்கு அடுத்த வரி 13.

டீச்சரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "கண்டதுல எழுதிக்க," என்றார்.

மாசி 17

இதை ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. மூட்டை எண்ணும் பழக்கமாக இருக்கலாம். எழுபத்தோரு ஆண்டு ஊசிப் பதிவேடுகளை எடுத்து, என் எண்ணையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களையும் எண்ணினேன். பதினாறாம் எண்ணில் ஊசி போட்ட பிள்ளைகள் அறுபத்து மூன்று, ஊசிக்குப் பின் நாற்பது நாளில் இறந்தது ஒன்று. பதினெட்டில் நாற்பத்தைந்து, இறப்பு இல்லை. பதினேழில் முப்பத்தெட்டு, இறப்பு பதினொன்று.

கூட்டியதைத் திரும்பக் கூட்டினேன். பிறகு ஹாஜாவைக் கூட்டச் சொன்னேன். அவனுக்கும் பதினொன்றே வந்தது.

"உங்க வீட்டு ஊசி கெட்டுப்போன ஊசியா?" என்றான்.

"எழுபது வருஷமாவா கெட்டுப்போகும்?"

டீச்சரிடம் கேட்டேன், எண் மாறி ஊசி போட்டால் என்ன ஆகும் என்று.

"பத்துக்கு மூணு போயிடும்," என்றார். "மீதிக்குப் பாதிக் காப்பு கிடைக்கும். வருஷா வருஷம் இருமும்."

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ ரத்தத்தைப் பார்த்து எந்த எண்ணுன்னு சொல்லிட முடியாதா டீச்சர்?"

"சொல்லலாம். அதுக்கு மெஷின் இருந்துச்சு. வந்த பத்து வருஷத்துல அதை வச்சுக்கிட்டு எவன் எந்த சாதி, எவன் யாருக்குப் பொறந்தவன்னு பிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு கொலை விழுந்துச்சு. அப்புறம் ஊரே கூடி அந்த மெஷினைத் தூக்கிட்டுப் போயி ஏரியில போட்டுட்டு, இனிமே யாரு ரத்தத்தையும் யாரும் படிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. நல்ல சட்டம்தான். அதான் எல்லாம் காகிதத்துல நிக்குது." பதிவேட்டை மூடிவிட்டு, "காகிதம் சரியா இருந்தா சரி," என்றார்.

மாசி 20

அம்மாவின் தகரப்பெட்டியில் ஒரு பழைய போட்டோ இருப்பது தெரியும். கேட்டேன். அம்மா சாவி காணவில்லை என்றாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. மறுநாள் அம்மா ரேஷனுக்குப் போனபோது அக்காவே கொண்டை ஊசியால் பெட்டியைத் திறந்து போட்டோவை எடுத்து என் மடியில் போட்டாள்.

"பாத்துக்க. பாத்துட்டு வச்சிடு. இதுக்கு மேல நோண்டாதே எழிலு."

"என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"ஒரு பிள்ளைக்குக் காது குத்துறாங்க. வேற என்ன தெரியணும்?"

கண்டது: தகரக் கொட்டகை. ஜன்னலில் பனி. பாயில் ஒரு ஆள் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் மொட்டைத் தலையுடன் ஒரு குழந்தை. ஆசாரி குனிந்திருக்கிறார். குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு பெண், சின்ன முகம், உதட்டைக் கடித்தபடி. அவளுக்குப் பின்னால் ஒரு உயரமான ஆள் கையை என்ன செய்வது என்று தெரியாதவர் போல நிற்கிறார்.

பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: வடிவு காதுகுத்து. மாமன் மடி, செ. கலியமூர்த்தி. நிற்பது, வீ. பக்கிரிசாமி. பக்கத்தில் தையல்நாயகி.

முதல் ரயிலில் வந்தவர்களின் பட்டியலில் எல்லோருக்கும் தகப்பன் பெயரின் முதலெழுத்து இருக்கிறது. தையல்நாயகிக்கு வீ. அவளுடன் வந்த தம்பி பக்கிரிசாமிக்கும் வீ. அப்படியானால் மாமன் மடியில் உட்கார்த்தி வைத்திருக்கும் கலியமூர்த்தி யார்?

கூடப் பிறந்தவன் இல்லாத பெண்ணுக்கு ஒன்றுவிட்ட அண்ணனோ, முறையில் வருகிற யாரோ மடி கொடுப்பதுண்டு. முதலில் அப்படித்தான் இருக்கும் என்று எழுதி வைத்தேன். பிறகு அடித்தேன். அவளுடைய சொந்தத் தம்பிதான் அங்கேயே நிற்கிறாரே.

ஹாஜாவிடம் காட்டினேன். "எங்க வீட்ல மாமன் மடியெல்லாம் கெடையாது," என்றான். "ஆனா உங்காளுங்க காதுகுத்துக்கு பன்னு கொண்டுபோய்க் குடுத்திருக்கேன். சொந்த மாமன் நிக்கிறப்போ வேற ஒருத்தன் மடியில வச்சா அங்கேயே பந்தல் பிரிஞ்சிடும்ல? இந்தாளு என்னன்னா பொட்டிப்பாம்பா நிக்கிறாரு."

நெனச்சது: இந்தக் குழந்தைக்குத் தாய்மாமன் கலியமூர்த்திதான். பக்கிரிசாமிக்கு அது தெரியும். அதனால்தான் ஒதுங்கி நிற்கிறார். ஊருக்குப் பொய் சொன்னாலும் காதுகுத்தும் அன்று மட்டும் அவர்களால் பொய் சொல்ல முடியவில்லை.

இது ஒரே ஒரு போட்டோ. நான் அதிகம் ஊகிக்கிறேன்.

மாசி 24

செ. கலியமூர்த்தி, எண் 23இல் வந்த செ. நீலாயதாட்சியின் அண்ணன்.

எண் 23இன் கோப்பில் மொத்தம் மூன்று தாள்கள்.

முதல் தாள்: நீலாயதாட்சி, வயது இருபது, கர்ப்பிணி, கணவர் மூன்றாம் ரயிலில் வருவார். கணவர் வந்ததாக எங்கும் பதிவு இல்லை.

இரண்டாம் தாள்: தை 20, பனிப்புயல், பெண்கள் கொட்டகையில் இறப்பு.

மூன்றாம் தாள்: எண் 23க்கு வாரிசு இல்லை. ஆகவே ஊசி தயாரிக்க வைத்திருந்த அவருடைய காப்பின் மாதிரி குளிர்கிடங்கிலிருந்து நீக்கி அழிக்கப்பட்டது. கீழே சாட்சியம்: இந்தப் பெண்ணுக்கு உயிரோடு பிள்ளை இல்லை என்பதை உடனிருந்து அறிவேன். கைநாட்டு. பக்கத்தில் வேறொருவர் எழுதிய பெயர், வீ. தையல்நாயகி.

டீச்சரை அழைத்தேன். அவர் நின்றபடியே படித்தார்.

"ஏன் டீச்சர் அழிச்சாங்க?"

"எடம் இல்லை. நாப்பது மாதிரிக்கும் இருந்தது ஒரே ஒரு பெட்டி, அதுவும் அடிக்கடி ரிப்பேரு. வாரிசு இல்லாததை எடுத்துட்டா மத்தது தாங்கும்னு முடிவு பண்ணாங்க."

"பிள்ளை இருக்குன்னு சொல்லியிருந்தா?"

"தாய் இல்லாத கைக்குழந்தையை வச்சுக்க அப்போ அனுமதி கெடையாது. திரும்பிப் போற ரயில்ல ஏத்திடுவாங்க. பதினோரு நாள் பயணம், சூடு இல்லாத பெட்டி. அந்த வருஷம் அப்படி ஏத்துனது நாலு பிள்ளை." எத்தனை பிள்ளைகள் போய்ச் சேர்ந்தன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆக, தையல்நாயகிக்குப் பிறந்த பிள்ளை தை 12க்கு முன்னால் இறந்திருக்கிறது. பால் கட்டிப்போய்க் கிடந்தவள், தை 20இல் செத்த பெண்ணின் பிள்ளையை எடுத்துத் தன் மார்பில் போட்டுக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. ஆனால் அந்தப் பிள்ளைக்கும், அதன் வழியில் வருகிறவர்களுக்கும் உரிய ஊசியை இனி யாரும் செய்ய முடியாதபடி அவளே கைநாட்டு வைத்துவிட்டாள்.

நாங்கள் பதினேழு இல்லை. இருபத்து மூன்று. இருபத்து மூன்றுக்கு ஊசி கிடையாது.

பிறப்புப் பதிவேட்டிலிருந்து மறுபடி தொடங்கி எல்லாவற்றையும் சரிபார்த்தேன். எங்காவது பிழை கிடைக்கும் என்று தேடினேன். பிழை கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பங்குனி 2

ஒரு வாரம் சொல்லாமல் இருந்தேன். சரியாகத் தெரியாததைச் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஊசிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்று கணக்குப் போட்ட பிறகு இன்று மாலை வகுப்புக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தேன். அத்தான் ரயில் பாதை வேலைக்குப் போயிருக்கிறார், பனி இளகிய பிறகுதான் வருவார். அம்மாவும் அக்காவும் மகிழும்தான் இருந்தார்கள்.

நோட்டைப் பார்த்துப் படித்தேன். பார்க்காமல் சொல்ல எனக்கு வராது. மகிழ் என் முழங்காலைப் பிடித்து நின்றுகொண்டு நோட்டின் ஓரத்தைக் கடித்தாள்.

நான் முடித்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். புதிதாக ஒன்றைக் கேட்டவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள்.

"அம்மா," என்றேன். "உனக்குத் தெரியுமா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு வளைகாப்புப் போட்டாங்கள்ல, அன்னிக்கு உங்க அம்மாச்சி பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயிச் சொல்லுச்சு. அதுகிட்ட தையல்நாயகி சொல்லியிருக்கு. நான் பெத்த பிள்ளை இல்ல நீ, பால் குடுத்தா காப்பும் சேந்து எறங்கிடும்னு நெனச்சேன், எறங்கலைன்னு. அம்மாச்சி மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தப்புறம்தான் தையல்நாயகி சொல்லுச்சாம். அப்புறம் அம்மாச்சி எங்க அக்கா தங்கச்சி மூணு பேருக்கும் முன்னாடியே சொல்லிடுச்சு."

"வயித்துல பிள்ளை வந்தவங்களுக்கு மட்டும்தான் சொல்றது," என்றாள் அக்கா. "அதான் உனக்குத் தெரியாது. நீ ஒரு மாசம் கையுறை போட்டுக்கிட்டுக் கண்டுபிடிச்சதை அம்மா எனக்கு ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டாங்க."

"அப்போ உன் முதல் பிள்ளைக்கு ஊசி போடுறப்போ..."

"தெரியும்."

"தெரிஞ்சேவா போட்ட?"

"அவனைப் பத்திப் பேசாதே எழிலு. அவன் பேரை நீ சொல்லக் கூடாது." அக்கா மகிழைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சரி, நீ படிச்சவ, நீ சொல்லு. ஊசி போடாட்டி சித்திரையில காய்ச்சல் வரும். பத்துக்குப் பத்தும் போகும். போட்டா பத்துக்கு ஏழு நிக்கும். நான் நிக்கலையா? நீ நிக்கலையா? இல்லைன்னா ஆபீசுல போயி நாங்க பதினேழு இல்லைன்னு சொல்லணும். சொன்னா என்ன ஆகும்?"

"பனி இளகறதுக்கு முன்னாடி தெற்கே அனுப்பிடுவாங்க. பங்குனி இருபதாம் தேதி கடைசி ரயிலு. தெற்கே மண்காய்ச்சல் இல்லை. மகிழுக்கு ஊசியே தேவைப்படாது."

"தெற்கே என்ன இருக்கு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முகாம்கள் இருக்கின்றன. கூரை இருக்கிறது என்கிறார்கள்.

"முகாம்," என்றாள் அக்கா. "அங்கே பிள்ளைங்க எதுல சாகுதுன்னு உன் ஆவணத்துல இருக்கா? பெரியம்மா, சின்னம்மா, அவங்க பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க, எல்லாரையும் கணக்குல எடுத்தியா? எண்ணுறதுல கெட்டிக்காரியாச்சே நீ. எத்தனை பேரு?"

"மகிழைச் சேர்த்து இருபத்து நாலு."

"இருபத்து நாலு பேரு. நிலம், வீடு எல்லாத்தையும் விட்டுட்டு. ஒருத்திக்காக."

"அவ உன் பிள்ளை, அக்கா."

"அதனாலதான் நான் சொல்றேன். நீ சொல்லாதே."

அம்மா அழுதுகொண்டிருந்தாள், சத்தமில்லாமல். "ஒவ்வொரு தடவையும் இது நிக்கும்னுதான் போடுறோம்," என்றாள். "வேணும்னு எந்தத் தாயாவது போடுவாளா?"

மகிழ் பசிக்கு அழத் தொடங்கினாள்.

பங்குனி 7

வகுப்பில் இப்போது எல்லோரும் அமைதியாக எழுதுகிறார்கள். ஹாஜா புது நோட்டு வைத்திருக்கிறான். பழைய நோட்டில் எண்ணெய்க் கறையும் மாவும் அப்பியிருக்கும். இது வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அவன் எண் முப்பத்தொன்று. அவன் எடுத்துக்கொண்டது அவனுடைய அம்மாவைப் பெற்ற நன்னியின் அம்மாவை. முன்பெல்லாம் அந்தம்மா கழுதை ஓட்டிய கதையைச் சொல்லிச் சிரிப்பான்.

"பழசு என்னாச்சு?" என்று கேட்டேன்.

"டீச்சர்கிட்ட குடுத்துட்டேன். அடுப்புல போட்டுடறேன்னாங்க."

"ஏன்?"

அவன் தலை நிமிரவில்லை. "என் தங்கச்சிக்கு வைகாசியில பிரசவம்," என்றான். பக்கத்தைப் புரட்டிவிட்டு, "நீயும் ஒண்ணு வாங்கிக்க எழில். கடையில இன்னும் இருக்கு," என்றான்.

வாங்கவில்லை. கடை வரைக்கும் போனேன். கையில் எடுத்தும் பார்த்தேன். கோடு போட்டது, நல்ல தாள்.

புது நோட்டில் என்ன எழுதுவேன் என்று வரும் வழியில் யோசித்தேன். பால்கட்டை விட்டுவிடலாம். ஊசிக் கணக்கை யாரும் கேட்கவில்லை. போட்டோ கிடைக்கவில்லை என்று எழுதலாம். தையல்நாயகி வந்தாள், உழைத்தாள், ஒன்பது ஏக்கர் திருத்தினாள், ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்தாள். நல்ல கட்டுரையாக வரும். எனக்கு வேலைகூடக் கிடைக்கும்.

இதை எழுதும்போதுதான் எனக்குப் புரிந்தது. வளைகாப்பு நடக்கும்வரை காத்திருக்காமலேயே நானும் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டேன்.

பங்குனி 10

கொடுக்க வேண்டிய கடைசி நாள். மாலை ஆறரைக்குக் காப்பகத்துக்குப் போனேன். டீச்சர் தனியாக இருந்தார். இந்த நோட்டைக் கொடுத்தேன். உட்காரச் சொன்னார். முழுக்கப் படித்தார். மாசி 24ஐ இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். பிறகு மூடி என் பக்கம் தள்ளினார்.

"நல்லா செஞ்சிருக்கே," என்றார். "மூணு வருஷமா இந்த வகுப்பு நடத்துறேன். உன்னை மாதிரி கண்டுபிடிச்சவங்க உனக்கு முன்னாடி ஆறு பேர். அந்த முதல் குளிர்காலத்துல தாய் மாத்தி எழுதுனது உங்க வீடு மட்டும் இல்லை. ஆறு பேருமே திருத்தி எழுதிட்டு வந்தாங்க. நான் யாரையும் எதுவும் கேக்கலை. உனக்கும் நாளைக்குக் காலையில எட்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

"ஆபீசுக்கு இது தெரியாதா டீச்சர்?"

"காகிதம் வராம ஆபீசுக்கு எதுவும் தெரியாது. யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் அது கோப்பு. நான் எழுத்தர். எழுதிக் குடுத்ததை வாங்கி வைக்கிறவ. அவ்வளவுதான்."

"நான் குடுத்தா அவங்க ஊசியை நிறுத்திடுவாங்கள்ல?"

"அன்னிக்கே நிறுத்திடுவாங்க."

"அக்கா என்கூடப் பேச மாட்டா."

"மாட்டாதான்."

"நான் செய்யிறது சரியா டீச்சர்?"

அவர் மேசை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து, மறுபடியும் மூடினார். "அது எனக்குத் தெரிஞ்சிருந்தா..." என்றார்.

நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே இன்னும் பனி கெட்டியாகத்தான் இருக்கிறது. கூரை ஓரத்தில் மட்டும் சொட்டத் தொடங்கிவிட்டது.

முகாமில் மகிழ் வளர்வாளா என்று எனக்குத் தெரியாது. பெரியம்மாவின் முட்டிவலிக்கு அந்த ரயில் ஆகுமா என்று தெரியாது. பத்துக்கு ஏழு என்று அக்கா சொன்னது கணக்காகச் சரிதான். நான்தான் அந்தப் பதினொரு வரிகளையும் ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் படித்தவள். மூன்று வரிகளில் ஊசி போட்ட தேதியும் இறந்த தேதியும் மட்டும்தான் இருந்தன, பெயர் வைக்கும் முன்பே ஊசி போட்டுவிட்டிருந்தார்கள். மகிழைப் பன்னிரண்டாவது வரியாக என்னால் எண்ண முடியாது. இது ஒரு காரணமா என்றால், இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

நாற்பத்து நான்கு பக்கங்கள். எதையும் கிழிக்கவில்லை. அடித்த இடங்களில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். உள்ளே போகிறேன்.

இ. எழிலரசி

*

பெறப்பட்டது. பங்குனி 10, மாலை 7.25. பக்கங்கள் 44, முழுமை.

தாய் எண் 17இன் கீழ் உள்ள 24 பேரின் ஊசி, நிலம், இருப்பு உரிமைகளை நிறுத்திவைக்கச் சுகாதார அலுவலகத்துக்கும் குடியிருப்பு அலுவலகத்துக்கும் இன்றே தகவல் அனுப்பப்பட்டது. பங்குனி 20 ரயிலில் இடம் கோரப்பட்டுள்ளது.

இதே தன்மையுள்ள வேறு ஆறு நோட்டுகள், அழிப்பதற்காக என்னிடம் ஒப்படைக்கப்பட்டு அழிக்கப்படாமல் இருந்தவை, இத்துடன் இணைக்கப்படுகின்றன. தாய் எண்கள் 4, 9, 12, 28, 31, 36. மொத்தம் 143 பேர்.

இவற்றில் தாய் எண் 9 என்னுடையது.

த. சகாயமேரி
ஆவண எழுத்தர்